அடிக்குறிப்பு நாற்பத்தேழு

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே
லாரி போனால் மானிட்டர் நடுங்கும் கடை.
பக்கத்துக்குப் பதினெட்டு ரூபாய்,
படம், கட்டம் என்றால் தனி.
பெர்ஜின் கொண்டுவந்த கட்டின் மேல்
பச்சை மையில் தலைப்பு:
ஆதி அமெரிக்காவில் இசைக்கல்வி.
‘திங்கக்கெழம காலத்த வேணும், விஜிலாக்கா.’
ஆனி மழை. வெள்ளிக்கிழமை சாயங்காலம்.

முதல் இயலில் யாருக்கும் பாடத் தெரியவில்லை.
டீக்கன் ஒரு வரி வாசிக்கிறார்,
சபை அதை இழுக்கிறது
மடிகனத்த கரைவலையை ஆளுக்கொரு திசையில் இழுப்பதுபோல்.
ஒருவர் ஆமென் சொல்லும்போது
இன்னொருவர் இரண்டாம் சரணத்தில்.
சிரித்துவிட்டேன்.
ஜெராக்ஸ் எடுக்க வந்தவர் தன்னைத்தான் என்று நினைத்துக்கொண்டார்.

இரண்டாவதில் பாட்டு வாத்தியார் வருகிறார்
குதிரைமேல், பனியில்,
சட்டைப் பைக்குள் சுருதிக்குழல்.
ஒரு ஊருக்கு ஒரு குளிர்காலம்.
வகுப்பு, சாராயக்கடை மாடியில்.
மெழுகுதிரி அவரவர் கொண்டுவர வேண்டும்.
(சாராயக்கடையை நீக்கவும் என்று
ஓரத்தில் பேராசிரியர் எழுதியிருந்தார்.
பெர்ஜின் நீக்கவில்லை.
நானும்.)
பெண்பிள்ளைகள் பாட்டுக்கு வந்தார்களா
பையன்களைப் பார்க்க வந்தார்களா,
ஆதாரம் கிடைக்கவில்லையாம்.
இதுக்கெல்லாம் ஆதாரம் வேணுமாக்கும்.

மூன்றாவது முழுக்கச் சண்டை.
சுரம் பார்த்துப் பாடுவது தேவதூஷணம்,
ஃபா சோல் லா எல்லாம் பிசாசின் பெயர்கள்
என்று எழுந்து வெளியே போனவர்கள்.
எங்கள் சபையில் கீபோர்டு வந்த வருடம்
நாற்காலி பறந்தது.
கேஸ் இன்னும் குழித்துறைக் கோர்ட்டில் நடக்கிறது;
கீபோர்டு கெட்டுப்போய் நாலு வருடம்.

நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் விரல் நின்றது.
ஃபா முக்கோணம்.
சோல் வட்டம்.
லா சதுரம்.
மி வைரம்.
கோடு எண்ணத் தெரியாதவனும்
கண்ணால் சுரம் பிடிக்க
யாரோ கண்டுபிடித்த தலைகள்.
என் எழுத்துருவில் அவை இல்லை.
ஒவ்வொன்றாய் வரைந்து, கறுப்பு நிரப்பி,
வால் வைத்தேன்.
கரண்ட் போனது. யுபிஎஸ் கத்தத் தொடங்கியது,
விடாமல், ஒரே சுரத்தில்.
இருபது வருடமாய் ஆல்டோ வரிசையில் நிற்கிறவள்,
டோவில் தொடங்கி இருட்டில் ஏறிப் பார்த்தேன்.
மி.
வைரம் கத்துகிறது.

சனி இரவு, அடிக்குறிப்பு நாற்பத்தேழு.
எட்டுப் புள்ளி எழுத்து, பொடியாக:
‘வகுப்பு நடந்த வீட்டுக்கு வெளியே
எசமானின் குதிரையைப் பிடித்து நின்ற அடிமை,
உள்ளே இருந்தவர்களுக்கு முன்பே
நான்கு குரலையும் மனப்பாடம் செய்திருந்தான் என
ஒரு நாட்குறிப்பு சொல்கிறது. பெயர் இல்லை.’

அவ்வளவுதான். அடுத்தது நாற்பத்தெட்டு,
ஏதோ ஒரு நூலகத்தின் முகவரி.

இந்த மண்ணிலும் அடிக்குறிப்பு இருந்தது:
நீ பதினாறு அடி, நீ முப்பத்திரண்டு,
நீ கண்ணில் படாதே என்று.
அந்தத் தொலைவில் நின்றும்
காதில் விழுந்திருக்கும் ஏதாவது.
எந்த நாட்குறிப்பில் தேட.

மணி பன்னிரண்டு. மேலே லாரி.
அந்த ஐந்து வரியைத் தேர்வுசெய்து, வெட்டி,
நூற்று நாற்பதாம் பக்கத்தின் நடுவில் ஒட்டினேன்,
பன்னிரண்டு புள்ளியில்,
மெழுகுதிரி எரியும் பத்திக்கு அடுத்து.
நாற்பத்தெட்டு நாற்பத்தேழானது.
பின்னால் உள்ள எல்லா எண்களும்
ஒன்று தள்ளி உட்கார்ந்தன.

திங்கள் காலை நனைந்துகொண்டே வந்தான்.
எண்ணினான்.
‘ஒரு பக்கம் கூடிருக்கே.’
‘அதுக்குப் பைசா வேண்டாம்.’
புரட்டினான். நின்றான். திரும்ப வாசித்தான்.
‘அக்கா, இவன் கீழல்லா நின்னான்?’
‘மழையில்லா. உள்ள ஏறி நின்னிருப்பான்.’

பெர்ஜின் ஒன்றும் சொல்லவில்லை.
பேராசிரியர் வெட்டலாம்.
பென் டிரைவைப் பாலித்தீன் கவரில் சுற்றி
மடித்துக் கொடுத்தேன்.